கப்பலுக்குத் தாகம் எடுக்கட்டும்: விண்வெளி கேம்பெயினுக்குள் பழைய செவ்வாயைக் கொண்டுவருவது எப்படி?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுதான் ரோல்பிளேயிங் கேம். அது பல வாரம் தொடர்ந்து நீண்டால் கேம்பெயின். விண்வெளியில் இப்படி ஒன்றை நடத்தும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய், சரக்கு ஏற்றி இறக்கி, கப்பல் கடனுக்குத் தவணை கட்டி, ஸ்கேனர் காட்டும் எண்களைப் படித்துக்கொண்டே இருந்தால் அலுத்துவிடும். நடுவில் ஒரு செம்மண் கிரகம், வற்றிய கடலின் கரையில் பாழடைந்த நகரம், வானத்தில் இரண்டு நிலவு, இடுப்பில் வாள் என்று ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று மனசு கேட்கும்.

இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் பிளானட்டரி ரொமான்ஸ் என்று பெயர். காதல் கதை என்று நினைத்துவிட வேண்டாம். ரொமான்ஸ் என்றால் இங்கே பழைய பொருளில் சாகசக் கதை. 1912-ல் எட்கர் ரைஸ் பரோஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் தொடராக எழுதிய செவ்வாய்க் கதைக்கு அப்புறம்தான் இது சூடு பிடித்தது. வேற்று மண்ணில் வந்து விழுந்த ஒரு ஆள், அங்கே இருக்கும் மக்கள், மிருகங்கள், அரசியல், சண்டை. எல்லாமே தரையில் நடக்கும்.

நம் கேம்பெயினிலோ கப்பல் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

நான் முதல் தடவை முயன்றபோது நடந்ததைச் சொல்கிறேன். அழகான கிரகம் ஒன்றை இரண்டு வாரம் உட்கார்ந்து உருவாக்கினேன். கால்வாய் நகரம், அரியணைச் சண்டை, ஆறு கால் சவாரி மிருகம். என் ஆட்டக்காரர்கள் சுற்றுப்பாதையை விட்டு இறங்கவே இல்லை. மூன்று மணி நேரம் மேலிருந்தே படம் எடுத்தார்கள். ஒலிபெருக்கியைக் கீழே இறக்கி ராஜாவிடம் பேசினார்கள். படை திரண்டபோது மணலில் ஒரு தடவை லேசரால் கோடு போட்டார்கள், படை ஓடிவிட்டது. வாளோடு காத்திருந்த என் இளவரசனுக்கு வாயைத் திறக்கக்கூட வாய்ப்பு வரவில்லை. அவர்கள் செய்ததில் தப்பே கிடையாது. கையில் கப்பல் இருக்கும்போது புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான்.

ஆகவே, கப்பலை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும். உதாரணத்துக்கு டிராவலர் விதிகளை எடுத்துக்கொள்கிறேன். 1977-ல் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்களாக வெளியிட்ட ஆட்டம் அது. நீங்கள் வேறு விதிகளில் ஆடினாலும் கணக்கு பெரிதாக மாறாது.

முதல் படி: எந்தப் பழைய வானம்?

பழைய கதைகளில் மூன்று கிரகங்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்றும் அந்தக் காலத்து வானியல் போட்ட விதை.

செவ்வாய் காய்ந்துபோன கிரகம். 1877-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி அதன்மேல் கோடுகளைப் பார்த்து 'கனாலி' என்று குறித்தார். அந்த மொழியில் அது இயற்கையான வாய்க்காலையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது வெட்டிய கால்வாயாக மாறிவிட்டது. அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவல் 1894-ல் அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபில் சொந்தச் செலவில் ஆய்வகமே கட்டி, சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு நாகரிகம் துருவப் பனியை உருக்கி வயலுக்குக் கொண்டுபோகிறது என்று எழுதித் தள்ளினார். அந்தக் கால்வாய்கள் வெறும் கண் மயக்கம் என்பது பிறகு தெரிந்தது. 1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய இருபத்துச் சொச்சம் படங்களில் இருந்தவை பள்ளங்கள்தான்.

வெள்ளி ஈரமான கிரகம். மேகம் மூடியிருக்கிறது, மேகம் என்றால் மழை, மழை என்றால் சதுப்பு நிலம் என்று தர்க்கம் போனது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் அர்ரேனியஸே 1918 வாக்கில் அப்படி எழுதினார். 1962 டிசம்பரில் மரைனர் 2 பக்கத்தில் பறந்துபோய்ப் பார்த்தபோது கிரகம் கொதிக்கிறது என்பது உறுதியானது. தரையில் சுமார் 460 டிகிரி செல்சியஸ்.

புதனுக்கு ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு, நடுவில் அந்திக்கோடு. இதைச் சொன்னவரும் அதே ஸ்கியாபரெல்லிதான், 1889-ல். ஒரே மனிதர் இரண்டு கிரகங்களைப் பற்றித் தப்பாகச் சொல்லி, கதைக்காரர்களுக்கு எண்பது வருஷச் சோறு போட்டிருக்கிறார்! 1965-ல் ரேடார் மூலம் பார்த்தபோது புதன் 59 நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது என்று தெரிந்தது.

மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் மூன்றையும் ஒரே கேம்பெயினில் திணிப்பார்கள், எதுவும் மனசில் நிற்காது. என் சிபாரிசு செவ்வாய். காய்ந்த கிரகத்தில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் இருக்கும் இடத்தில் சண்டை இருக்கிறது.

இரண்டாம் படி: எங்கே வைப்பது?

நம் சூரியக் குடும்பத்திலேயே, லோவல் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்திருந்தால் என்று வைத்து ஆடலாம். 1988-ல் வந்த ஸ்பேஸ் 1889 ஆட்டம் அதைத்தான் செய்தது. நல்ல ஆட்டம். ஆனால் உங்கள் கேம்பெயின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் இது ஒத்துவராது. ரோவர் ஓடிய செவ்வாயை எல்லோரும் போனில் பார்த்தாயிற்று.

சுலபமான வழி, அந்தப் பழைய கிரகத்தை வேறொரு நட்சத்திரத்துக்குக் கொண்டுபோய் வைப்பது. புதனின் அந்திக்கோடு பிடித்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1965-ல் செத்த அந்த யோசனை சிவப்புக் குறுமீன்கள் எனப்படும் சிறிய, மங்கிய நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களால் மறுபடி உயிர் பெற்றுவிட்டது. சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் உள்ள டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்துக்கு ஏழு கிரகங்கள் என்று 2017-ல் அறிவித்தார்கள். அவை தம் சூரியனுக்கு ஒரே முகத்தையே காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் படி: கிரகத்துக்கு எண் போடுவது

டிராவலரில் ஒவ்வொரு உலகமும் ஒரு வரி எண். நான் இப்போது ஓட்டும் உலகத்துக்குக் கானல் என்று பேர். லோவலின் கால்வாய்க்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பேர் எனக்குக் கிடைக்கவில்லை. அதன் எண் இ-451677-3.

முதல் எழுத்து விண்வெளித் துறைமுகம். 'இ' வகை என்றால் தரையில் குறித்த ஓர் இடம், அவ்வளவுதான். எரிபொருளும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது. அடுத்து வருவது அளவு. 4 என்றால் சுமார் 6,400 கிலோமீட்டர் விட்டம், கிட்டத்தட்ட செவ்வாய். அடுத்த 5, மெல்லிய காற்று, முகமூடி இல்லாமல் சுவாசிக்கலாம். இதை 3 ஆக்கிவிடாதீர்கள். சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு வாள் சண்டை போடுவதில் ஒரு ரசனையும் இல்லை. அப்புறம் 1, தரையில் பத்து சதவீதம் மட்டுமே தண்ணீர். மக்கள்தொகை 6, அதாவது பத்து லட்சக் கணக்கு. ஆட்சி 7 என்றால் ஒரே அரசு இல்லை, ஊருக்கு ஒரு ராஜா. கடைசியில் இருக்கும் 3 தொழில்நுட்பம். நீராவிக் காலத்தின் வாசலில் நிற்கிறார்கள்.

நடுவில் இன்னொரு 7 இருக்கிறதே, அது சட்ட அளவு. இதைப் பகடைக்கு விடாமல் நானே வைத்தேன். பழைய டிராவலர் விதிப்படி 7 வந்தால் துப்பாக்கி எல்லாம் தடை. 8 வந்தால் நீண்ட வாளுக்கும் கட்டுப்பாடு. ஆக, 7-ல் நின்றால் துப்பாக்கி கூடாது, வாள் கூடும்! சாகசக் கதை நடக்க விதிப்புத்தகமே ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. அதோடு, அந்த ஆட்டத்தில் மரீன் படையில் சேரும் கேரக்டருக்கு ஆரம்பத்திலேயே கட்லஸ் வாள் பயிற்சி இலவசமாகக் கிடைக்கும். எத்தனையோ கேம்பெயின்களில் அந்தத் திறமை ஷீட்டின் ஓரத்தில் தூசி படிந்து கிடந்திருக்கும்.

நான்காம் படி: கப்பலுக்குத் தாகம்

ஆட்டத்தை நடத்தும் புதிய கேம் மாஸ்டர்கள் வழக்கமாகச் செய்வது கப்பலை உடைப்பது. புயல் அடித்தது, எஞ்சின் வெடித்தது, நொறுங்கி விழுந்தீர்கள். ஒரு தடவை செய்யலாம். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு அது தங்கள் வீட்டைப் பிடுங்கியது மாதிரி. பகடை உருட்டக்கூட வாய்ப்பு தராமல் உடைத்தால் அந்தக் கோபம் உங்கள் மேல் வரும், கதைமேல் வராது.

உடைக்க வேண்டாம். கப்பல் முழுசாக இருக்கட்டும், டேங்க் மட்டும் காலியாக இருக்கட்டும்.

டிராவலரில் ஜம்ப் எரிபொருள் திரவ ஹைட்ரஜன். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் கப்பலின் டன் கணக்கில் பத்தில் ஒரு பங்கு, தாவும் தூரத்தைப் பொறுத்து அதன் மடங்கு காலியாகும். 100 டன் ஸ்கவுட் கப்பல் இரண்டு பார்செக் (விண்வெளித் தூரத்தின் அளவு) தாவ 20 டன் ஹைட்ரஜன் வேண்டும். 200 டன் வணிகக் கப்பல் ஒரு பார்செக் தாவவும் அதே 20 டன். பெரிய வாயுக் கிரகம் இருந்தால் அதை உரசிப் பறந்து நிரப்பிக்கொள்வார்கள். கானல் இருக்கும் மண்டலத்தில் வாயுக் கிரகம் இல்லை. மிச்சம் இருப்பது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது.

இப்போது பள்ளிக்கூட வேதியியல். தண்ணீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன். 20 டன் வேண்டுமென்றால் 180 டன் தண்ணீர், அதாவது 1,80,000 லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் லாரியில் 15 லோடு.

மேசையில் இதைச் சொன்னதும் எல்லோர் முகமும் மாறியது. "எரிபொருள் தீர்ந்துவிட்டது" என்றபோது யாரும் கவலைப்படவில்லை. 15 லோடு என்றதும் கோடைக்காலத்தில் லாரிக்குக் காத்து நின்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆயிரம் பேர் இருக்கும் ஊர், தலைக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று வைத்தால் இது 18 நாள் தண்ணீர். அந்த ஊர் மதகைக் காக்கும் கிழவியாக நான் பேசினேன்:

"பதினெட்டு நாள் தண்ணி. உங்க கப்பல் ஒரே மூச்சுல குடிச்சிடுமா தம்பி?"

"ஆமாம்மா."

"அப்ப அதைக் கப்பல்னு சொல்லாதே. நாங்க அதுக்கு வறட்சின்னு பேர் வச்சிருக்கோம்."

பைலட்டாக ஆடியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "வேலை ஏதாவது இருந்தா செய்யறோம்" என்றார். கேம்பெயின் அங்கேதான் தொடங்கியது.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மூன்று கேள்விகள் நிச்சயம் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். துருவத்துப் பனியை அள்ளலாமே என்பார்கள். அள்ளலாம், ஆனால் எல்லாக் கால்வாயும் அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் காவலும் அங்கேதான். போக விரும்பினால் போகட்டும், அது தனி சாகசம். வால்மீன் பனி இருக்குமே என்பார்கள். தேடிப் போக எத்தனை வாரம், கப்பலின் மின் ஆலையில் மிச்சமிருக்கும் எரிபொருள் எத்தனை நாள் என்று கணக்கைக் காட்டுங்கள். லேசரைக் காட்டி மிரட்டிப் பிடுங்கலாமே என்பார்கள். பிடுங்கலாம்தான். ஆனால் 180 டன்னைக் கப்பலுக்குள் ஏற்றி முடிக்க நேரம் ஆகும், அதுவரை கதவு திறந்திருக்கும், மதகை மேலே இருக்கும் ஊர் அடைத்துவிட்டால் வாய்க்காலில் மணல்தான் வரும்.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். கேம்பெயின் தொடங்கும் முன்பே, "இந்தத் தடவை சில செஷன் தரையிலேயே இருப்போம், கப்பல் கைக்கு எட்டாது, சரியா?" என்று கேட்டுவிடுங்கள். கதையின் ரகசியம் எதுவும் கெடாது. மரீன் கேரக்டரோ மொழி தெரிந்த கேரக்டரோ உருவாக்கிக்கொண்டு வருவார்கள்.

ஐந்தாம் படி: தண்ணீரிலிருந்து அரசியல்

கால்வாய் உலகத்தைத் தமிழில் ஆடும்போது ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆடுபவர்கள் புதிதாகச் சொல் தேட வேண்டும். நமக்குத் தலைமடை, கடைமடை, மதகு, முறைப்பாசனம், நீர்பாய்ச்சி என்று எல்லாமே கையில் இருக்கிறது. இரண்டு சொல்லைச் சொன்னாலே யாருக்கு யார்மேல் கோபம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

மூன்று கூட்டம் போதும். தலைமடை நகரம் மதகைக் கையில் வைத்திருக்கிறது. கடைமடை ஊர்களுக்கு வருஷா வருஷம் தண்ணீர் குறைகிறது. மூன்றாவது, கால்வாயே வேண்டாம் என்று பாலையில் திரியும் மேய்ச்சல்காரர்கள், அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஊற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கப்பலிடமிருந்து வேண்டியது ஒன்று, கப்பலுக்குக் கொடுக்கக்கூடியது ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். இதற்குமேல் வரலாறு எழுதாதீர்கள். பத்துப் பக்கம் எழுதி அதில் அரைப் பக்கம் மட்டும் பயன்பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

பழைய கதைகளில் என்னால் ஜீரணிக்க முடியாத ஒன்று, வெளியிலிருந்து வரும் ஆள் வந்த மறு வாரமே அங்கே இருப்பவர்களைவிடச் சிறந்த வீரனாகி, இளவரசியைக் காப்பாற்றி, தலைவனாகிவிடுவான். காலனி ஆட்சிக் காலத்துக் கனவு அது. அதை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். நான் செய்வது இதுதான்: ஆட்டக்காரர்களில் ஒருவராவது கானலில் பிறந்த கேரக்டராக இருக்க வேண்டும். அப்போது உள்ளூர் வழக்கத்தை விளக்கும் வேலை என்னிடமிருந்து அவருக்குப் போய்விடும். "எங்க ஊர்ல வாளை உறையோட கொடுத்தா சமாதானம், உருவிக் கொடுத்தா அவமானம்" என்று அவர் மேசையிலேயே புதிதாகச் சொல்வார், நீங்கள் குறித்துக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: அதிசயம் ஒன்று, காரணம் ஒன்று

விண்வெளி ஆட்டக்காரர்கள் கணக்குப் பார்ப்பவர்கள். இவ்வளவு சின்ன கிரகத்தில் காற்று எப்படி நிற்கிறது என்று யாராவது கேட்பார். நியாயமான கேள்வி. உண்மையான செவ்வாய் தன் காற்றில் பெரும்பகுதியை விண்வெளிக்கு இழந்துவிட்டது. 2014-ல் அங்கே போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் அதைத்தான் அளந்தது. மழுப்பாதீர்கள். "நிற்காது. யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று பதில் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். காற்றை யார் செய்கிறார்கள், எங்கே, அந்த இயந்திரத்துக்கு இன்னும் எத்தனை காலம் ஆயுள் என்பதே பத்து செஷனுக்குத் தாங்கும். பழைய கதையின் மர்மத்தையும் ஆய்வுக் கேம்பெயினின் கேள்வியையும் இந்த ஒரு புள்ளியில் முடிச்சுப் போட்டுவிடலாம்.

ஈர்ப்பு விசையும் அப்படித்தான். செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம். இங்கே 60 சென்டிமீட்டர் எம்புபவர் அங்கே சுமார் ஒன்றரை மீட்டர் எம்புவார். பழைய கதாநாயகன் மாடி தாண்டியதெல்லாம் கொஞ்சம் மிகை, ஆனால் அடிப்படை சரிதான். விதியாக இப்படி வையுங்கள்: எடை குறையும், நிறை குறையாது. ஓடி வந்து சட்டென்று நிற்க முடியாது, கால் வழுக்கும். ஆகவே முதல் செஷனில் உடல் சம்பந்தப்பட்ட பகடைக்கெல்லாம் ஒன்று குறையுங்கள். பழகிய பிறகு தாவுவதற்கு மட்டும் ஒன்று கூட்டுங்கள். இரண்டு பகடையில் 8 வந்தால் வெற்றி என்ற ஆட்டத்தில் அந்த ஒன்று நன்றாகவே தெரியும். உள்ளூர் ஆள் வாள் பிடிக்கும்போது நம் ஆள் சறுக்கி விழுவது, முன்னால் சொன்ன காலனிக் கனவுக்கும் மருந்து.

மிருகங்களுக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. எதைத் தின்கிறது, எப்போது தண்ணீருக்கு வருகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். கால் ஆறா எட்டா என்பதை மேசையில் முடிவு செய்யலாம்.

ஏழாம் படி: செஷனை எங்கே நிறுத்துவது?

அந்தப் பழைய கதைகள் பத்திரிகையில் தொடராக வந்தவை. நமக்குத் தொடர்கதை தெரியாதா என்ன? கதவு திறக்கிறது, உள்ளே நிற்பவர் யார் என்று சொல்லாமல் 'தொடரும்' போடுங்கள். மணி பத்தாகிவிட்டது என்பதற்காகச் சண்டை முடிந்து ஓய்வெடுக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். பத்து நிமிஷம் முன்னாலேயே முடித்தாலும் பரவாயில்லை.

வரைபடத்தை நாள் கணக்கில் போடுங்கள். கால்வாய் ஓரமாக நடந்தால் நாளுக்கு ஒரு கட்டம், மணலில் என்றால் இரண்டு நாளுக்கு ஒரு கட்டம், தண்ணீர் தோளில். ஏர் ராஃப்ட் (காற்றில் மிதந்து பறக்கும் சின்ன வண்டி) இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அதைப் பார்த்த ஊர்களில் அவர்கள் பேர் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசிப் படி: திரும்ப வானத்துக்கு

டேங்க் ஒருநாள் நிறையத்தான் வேண்டும். நான் மேசை ஓரத்தில் 15 கட்டம் போட்ட அட்டை ஒன்றை வைத்திருந்தேன். ஒவ்வொரு லோடு கிடைக்கும்போதும் ஒரு கட்டத்தில் பேனாவால் குறுக்குக் கோடு. சில லோடு வேலைக்குக் கூலி, சில லோடு பந்தயத்தில் ஜெயித்தது, ஒன்று மட்டும் திருடியது. அந்தத் திருட்டு லோடு யார் வீட்டுத் தண்ணீர் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

டிராவலரில் ஜம்ப் எவ்வளவு தூரமானாலும் சுமார் ஒரு வாரம் ஆகும். பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தை ஒரே வரியில் கடந்துவிடுவோம். கானலிலிருந்து கிளம்பும்போது மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். உள்ளூர் கேரக்டர் கூடவே ஏறியிருப்பார். முதல் நாள் காலையில் எஞ்சினியர் பல் தேய்த்துவிட்டுக் குழாயைச் சரியாக மூடாமல் போகிறார். அந்த ஆள் வாசலில் நின்று, தொட்டியில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவராக ஆடுபவரிடம் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.